ஆடும் மேசையும் அடங்காத நாவும்

உளியேந்திய உத்தமனே! மரத்தூள் மணக்கும் மார்பனே! இழைப்புளியின் ஓசையை இசையெனக் கேட்கும் செவியனே! பட்டறைப் பேரரசனே, தச்சனே, வாழ்க! நாலு கால் இருந்தும் மூன்றிலேயே நின்று, வைத்த காப்பியையெல்லாம் தளும்பவிட்ட மேசையெனும் கொடும்பகையை எப்படி அடக்குவதென்று அம்மாவீரனுக்கு விளங்கவேயில்லை. மடித்த காகிதம் நசுங்கியது. அட்டை ஈரத்தில் ஊறியது.

ஒருநாள் விடை உதித்தது. ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் இரு சரிவுக் கட்டைகளைக் காலடியில் பொருத்தி, பின்னால் ஒரு சுருள்வில்லை வைத்தான். இடைவெளி விழுந்த கணமே வில் கட்டையைத் தள்ளி அதை நிரப்பும். சரிவு மிகக் குறைவென்பதால், எவ்வளவு பாரம் அழுத்தினாலும் கட்டை பின்வாங்காது.

வெற்றிமுரசு கொட்ட வாய் திறந்தவன் திடுக்கிட்டு மூடினான். சென்ற ஆண்டு, கதவு அறையாமல் தடுக்கும் கொக்கியொன்றைப் படைத்து, தெருவெங்கும் செய்துகாட்டி முழங்கிவிட்டு, அதன்பின் காப்புரிமை கேட்கப் போனவன் அவன். அலுவலக அம்மையார் அன்று அருளிய தீர்ப்பு செவியில் ஒலித்தது:

"ஊருக்கே காட்டிட்டீங்களே சார், அப்புறம் அது எப்படிப் புதுசாகும்? இனிமே விண்ணப்பம் குடுக்குற வரைக்கும் மூச்சு விடாதீங்க."

அக்கொக்கியை இன்று அவன் மச்சானே செய்து விற்கிறான்; தடுக்கச் சட்டத்தில் வழியில்லை.

எனவே மூண்டது நாவுக்கும் பல்லுக்கும் மாபெரும் சமர்! வரைபடமும் விளக்கமும் எழுதி முடிக்க ஆறு நாள். ஆறு நாளும் கொட்டிலில் அடைபட்ட மதயானையென நாக்கு பல்மதிலை முட்டியது. மூன்றாம் நாள் மனைவி முற்றுகையிட்டாள்.

"வாயில பூட்டா போட்டிருக்கு? யார் மேல கோவம்?"

"ம்ஹூம்."

ஆறாம் நாள், பகைப்படைத் தலைவனாம் மச்சான் வந்து, மேசைமேல் காப்பியை வைத்தான். ஒரு துளியும் சிந்தவில்லை. அவன் புருவம் வில்லென வளைந்தது.

"என்ன அத்தான், மேசை ஆடவே மாட்டேங்குது? கீழ என்ன வச்சிருக்கீங்க?"

அவன் குனிவதற்குள், கோட்டை வாயிலைக் காக்கும் காவலனெனப் பாய்ந்த நம் வீரன், தரையில் சப்பணமிட்டு மேசைக்காலை மார்போடு தழுவிக்கொண்டான்.

"முட்டி வலிடா மச்சான். பிடிச்சு விட்டுக்கிறேன்."

"அத்தான், நீங்க பிடிச்சு விடுறது மேசையை."

"அதுக்கும் வலிக்கும்ல?"

"அக்கா, இவரைக் கொஞ்சம் வந்து பாரு!" என்று அலறியவாறு மச்சான் சமையலறைக்குப் பின்வாங்கினான். வீரன் பிடியைத் தளர்த்தவில்லை.

மறுநாள் அவன் விண்ணப்பத்தைக் கொடுத்து, தேதி போட்ட ரசீதை வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் மச்சானுக்கு மேசையைக் காட்டினான்.