கெப்டன் நஸீரின் ஜனாஸா

அன்றைக்கு மருதமுனைக் கடற்கரையில் நின்றவர்களைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிவாசல் தலைவர் ஹாஜியார். தொழுவிக்கிற ஹஸரத். கபுர்க் குழி வெட்டுகிற உதுமாலெப்பை காக்கா. வெள்ளைத் தொப்பி போட்ட ஊர் ஆம்பிளைகள் இருநூறு பேருக்கு மேல். நான்.

அடக்கப்பட வரவேண்டியவர் ஒருவர்தான். மையித்து.

அப்போது நான் எங்கள் பள்ளியில் மோதினார். பாங்கு சொல்வது, கூட்டுவது, யாராவது இறந்தால் மைக்கில் மவுத்து அறிவிப்பது. மூன்று மாதம் தவணை. 'பிழை ஒண்டும் வராட்டி நிரந்தரம்' என்று ஹாஜியார் சொல்லியிருந்தார். அதற்கு முன் சைக்கிளில் மீன் விற்றேன். திரும்ப அந்தச் சைக்கிளில் ஏற எனக்கு விருப்பம் இல்லை. தவணை முடிய இரண்டு நாள் இருந்தது. ஒரு மனிதன் இரண்டு நாள் சும்மா இருந்தால் போதும். நான் இருக்கவில்லை.

காலையில் பள்ளி மதிலில் ஒரு நோட்டீஸ். கிழிக்கத்தான் போனேன். 'காணவில்லை. கெப்டன் நஸீர். தெரிந்தவர்கள் அழைக்கவும்.' படத்தில் அவருக்கு ஒரு கண் சிவப்பாக எரிந்தது. (கண் ஒப்பரேசன் செய்தவராக்கும், பாவம்.)

நம்பரைச் சுழற்றினேன். ஒரு பெண் அழுதுகொண்டே, ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் சுத்தமாகச் சொன்னாள்: "கெப்டன் நஸீர் இறந்துவிட்டார். அவருடைய உடல் இன்று மாலை நான்கு மணிக்கு மருதமுனைக் கடற்கரைக்கு வரும். யாரிடமும் சொல்லாதீர்கள்."

"ராத்தா, அழாதீங்க. ஊரு நாங்க இரிக்கம்" என்றேன்.

அவள் முதலிலிருந்து அப்படியே சொன்னாள். துக்கத்தில் சொன்னதையே சொல்வார்கள்தானே. நானும் மறுபடி ஆறுதல் சொன்னேன். மூன்று முறை ஆறுதல் சொன்ன பிறகு லைன் வெட்டுப்பட்டது. அவளுக்கு மனம் கொஞ்சம் லேசாகியிருக்கும் என்று நினைத்தேன்.

யாரிடமும் சொல்லாதே என்றால், கேட்பாரற்ற மையித்து என்று விளங்கிக்கொண்டேன். (விளங்கிக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.) சொந்தம் இல்லாத மையித்துக்கு ஊர்தான் சொந்தம். ஹாஜியார் அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தார். கேட்க ஆள் இல்லை. மைக்கைப் போட்டேன். அந்த அறிவித்தலில் நானே அழுதுவிட்டேன். கடைகள் பூட்டுப்பட்டன.

உதுமாலெப்பை காக்கா மண்வெட்டியோடு வந்தார். "ஆள் என்ன உசரம்?"

"தெரியா காக்கா. கெப்டன்தானே, கொஞ்சம் நீட்டா வெட்டுங்க."

நான்கு மணிக்கு வேன் வந்தது. கறுப்புடுப்பு, கறுப்புக் கண்ணாடியோடு நான்கு பொடியன்கள் நீட்டுப் பெட்டி ஒன்றை இறக்கினார்கள். மையித்தின் உறவுக்காரர் என்று ஊர் வரிசையில் நின்று அவர்களைக் கட்டிப்பிடித்து ஸலாம் சொன்னது. அவர்களின் பெரியவன், கையில் பைல் வைத்திருந்தவன், கண் கலங்கிப்போனான்.

"அண்ணே, இவ்வளவு பேரா? கொழும்புலயே ஆறு பேர்தான் வந்தாங்க!"

எவ்வளவு கல் நெஞ்சுக்காரர் கொழும்பார் என்று நினைத்தேன்.

பெட்டியைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கினோம். ஜனாஸா சுமப்பது நன்மை என்பதால் தோளுக்குத் தோள் அடிபட்டார்கள். கலிமா சொல்லிக்கொண்டு, கபுர் வெட்டியிருந்த மையவாடி வரை போனோம். பைல்காரன் பின்னால் ஓடி ஓடி வீடியோ எடுத்தான். அக்கரைப்பற்றிலிருந்து நேரே கடற்கரைக்கு வந்திருந்த ஹாஜியாரும் தோள் கொடுத்தார்.

தொழுகைக்கு முன் ஹஸரத் அவனிடம் கேட்டார். "குளிப்பாட்டியாச்சா தம்பி?"

"குளிப்பாட்டணுமா? அது எங்க பிளான்ல இல்லையே."

ஹஸரத் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஆளுயர பிளாஸ்டிக் பொம்மை. சிவப்புக் கண் மின்னியது. வாய் திறந்து பேசியது: "வாழ்த்துக்கள்! நீங்கள் இரண்டாம் கட்டத்திற்கு வந்துவிட்டீர்கள்!"

"ரெண்டாங் கட்டமா?" என்றார் உதுமாலெப்பை காக்கா. "நான் ஆறடி வெட்டிட்டன்."

பைல்காரன் விளக்கினான். புதிய போன் கேம் ஒன்றுக்கு விளம்பரமாம். நோட்டீஸ், நம்பர், அழுகை, பெட்டி எல்லாம் கேமில் வரும் கதையாம். அழுதது ரெக்கோர்டிங்காம். ஆட்கள் தேடித் தேடி வந்து, பொம்மையைக் கண்டுபிடித்து, பிறகு கேமை வாங்குவார்களாம். "நிஜம் மாதிரியே இருக்கணும். அதுதான் ஐடியா."

"எங்களுக்கு நிசமாத்தான் இரிந்திச்சி" என்றார் ஹாஜியார். பிறகு என் பக்கம் திரும்பினார். இருநூறு தொப்பிகளும் திரும்பின. அந்தக் கபுர் எனக்கு அளவாக இருக்குமா என்று பார்த்தேன்.

"போன்ல கதைச்சது ஆளா எண்டு பாக்க மாட்டியா?"

"அழுதாங்க ஹாஜியார்."

அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். நான் மனதுக்குள் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன்.

"நாதியத்த மையித்து எண்டு கூப்பிட்டாய். ஒரு வீடு மிச்சமில்லாம வந்திரிக்கி" என்றார் கடைசியில். "அதுக்காக உன்ன வெச்சிக்கிறன். ஆனா இனி மையித்தக் கண்ணால கண்டுட்டுத்தான் மைக்கத் தொடணும். வெளங்கிச்சா?"

"ஓம் ஹாஜியார்."

வெறும் கபுரை மூடினோம். அதற்கும் ஆள் குறையவில்லை.

நிரந்தரமாகி ஐந்து வருடமாகிறது. மவுத்து என்றால் முதலில் அந்த வீட்டுக்குப் போவேன். முகத்துத் துணியை விலக்கிப் பார்ப்பேன். வீட்டார் அழுகையை நிறுத்திவிட்டு, "வடிவாப் பாருங்க மோதினார், பிறகு பொம்மை எண்டு செல்லாதீங்க" என்பார்கள். பார்த்துவிட்டு வந்துதான் அறிவிப்பேன். ஊர் அதையும் நம்புவதில்லை. எனக்குப் போன் எடுத்து, "மவுத்தா, கேமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சட்டை போடுகிறது.

போன வெள்ளிக்கிழமை ஒரு மவுத்து. மைக்கை வைக்க முன்னமே போன் அடித்தது. முதல் ஆள் என் பெண்சாதி. பிறகு வந்ததையும் சேர்த்து எண்ணினேன். முப்பத்தேழு.