முறுக்கு என்றால் எந்தப் பக்கம்?

ஒரு வார்த்தைக்கு எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம்தான் என்று நம்பிக் கெட்டவன் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, திருப்பூர், ஓசூர் என்று சுற்றி, மதுரை ஸ்கூட்டர் பட்டறையில் இரண்டு வருடம் கிரீஸில் குளித்து, கடைசியில் ராஜபாளையத்தில் மிஷின் செய்யும் பட்டறை ஒன்றில் ஒதுங்கினேன். அங்கே ஃபோர்மேன் அந்தோணி. அவருடைய அக்கா மகளைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். "வேலை நிரந்தரமாகட்டும், பொறவு பாப்போம்" என்று அவர் பேச்சை நிறுத்தி வைத்திருந்தார். (பெண்ணுக்குச் சம்மதம். என்னைக் கேட்கவே வேண்டாம்.)

நிரந்தரம் ஒரு மிஷினில் தொங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருந்த ஓர் அம்மாவுக்காகச் செய்தது. காற்றழுத்தத்தில் ஓடும் சிலிண்டர் ஒன்று பால்கோவாவைக் குழாய் வழியே டப்பாவுக்குள் தள்ளும். சிலிண்டரின் வேகம் சுண்டைக்காய் அளவு திருகு ஒன்றின் கையில். தளர்த்தினால் காற்று தாராளமாக வெளியேறும், சிலிண்டர் பாயும். இறுக்கினால் காற்று முக்கி முனகி வெளியேறும், சிலிண்டர் அன்னநடை போடும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஓட்டிக்காட்டும் நாளன்று வாசலில் கார் சத்தம் கேட்டு ஓடிய அந்தோணி, ஓடிக்கொண்டே கத்தினார்: "ஏலே, அவிய வந்துட்டாவ! திருகை நல்லா முறுக்கி வை!"

முறுக்கு! ஸ்கூட்டர் பட்டறையில் அதற்கு 'வேகத்தைக் கூட்டு' என்றுதான் அர்த்தம். அம்மா அவசரக்காரர் போலிருக்கிறது என்று, திருகு கையோடு வந்துவிடுமோ என்று பயம் வரும்வரை தளர்த்தினேன்.

அந்த அம்மா குழாய்க்கு முன்னால் குனிந்து, "எங்கன வரும்?" என்றார்.

"இங்கனதாம்மா" என்று பட்டனை அமுக்கினேன்.

பீரங்கிதான். டப்பா எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. பால்கோவா அவருடைய மூக்குக் கண்ணாடியில் பாதி, அந்தோணியின் மீசையில் பாதி.

"முறுக்கச் சொன்னா அவுத்து விட்டிருக்கியேலே!"

"முறுக்கித்தான் விட்டேன் அண்ணாச்சி!" என்று வலது கையை ஸ்கூட்டர் ஓட்டுவதுபோல் முறுக்கிக் காட்டினேன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி, உதட்டோரம் ஒட்டியதைச் சுவைத்துப் பார்த்தார். "நம்ம சரக்குதான், ருசி மாறல. ஆனா டப்பாவுக்குள்ளல்லா போடச் சொன்னேன்? எனக்கு ஊட்டிவிடவா சொன்னேன்?"

திருகை இறுக்கியதும் மிஷின் ஒழுங்காக ஓடியது, அவரும் எடுத்துக்கொண்டார். அந்தோணிதான் விடவில்லை. "இவனையும் ஒரு வருசம் இறுக்கி வச்சுப் பாப்போம்" என்று வேலையையும் கல்யாணத்தையும் சேர்த்தே தள்ளிப்போட்டார்.

இன்றும் கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் பலகாரத் தட்டு என் பக்கம் வந்தால் என் மனைவி சும்மா இருப்பதில்லை.

"மாமா, இவுகளுக்கு முறுக்கு வைக்கும்போது எந்தப் பக்கம்னு சொல்லி வைங்க!"