தூங்கினால் பதில் சொல்லவும்

முதியோர் நலன் கருதி மேலிடம் ஒரு நல்ல காரியம் செய்தது. முதியோர் இல்லங்களில் தூக்க மாத்திரையை வாரி இறைக்கக் கூடாது, மாத்திரை இல்லாமலே தூங்குகிறவருக்கு அதை உடனே நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது.

இதைக் கேட்டு முதலில் மகிழ்ந்தவர் மூன்றாம் கட்டில் டிரைவர். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், ஸ்டியரிங் முன்னால் ஒருநாளும் கண்ணசந்ததில்லை. இந்த இல்லத்துக்கு வந்த பிறகு, மாத்திரை மயக்கத்தில் ராத்திரி பகல் தெரியாமல் கட்டை மாதிரி கிடந்தார். ஞாயிறுதோறும் கேரம் ஆட வரும் தங்கச்சி, அண்ணன் குறட்டையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவாள். பாவம், அவளும் எத்தனை வாரம்தான் குறட்டையோடு பேசுவாள்?

தூக்கச் சோதனை அதிகாரி வந்தார். இரவுத் தூக்கத்தை அலுவலக நேரத்தில்தான் சோதிக்க முடியும் என்பதால், காலை பதினொரு மணிக்கு ஜன்னலைச் சாத்தினார்கள். டிரைவர் கண்ணை மூடினார்.

"தூங்குறீங்களா?" என்றார் அதிகாரி.

டிரைவர் மூச்சு விடவில்லை.

"ஒத்துழைப்பு இல்லை. மாத்திரை தொடரும்."

"சார், தூங்குறவன் எப்படி சார் பதில் சொல்லுவான்?"

"அது உங்க பாடு. வாய்மொழி ஒப்புதல் இல்லாம நான் எதை நம்புறது?"

சரி, ஊரோடு ஒத்துப்போவோம் என்று டிரைவர் மறுபடி கண்ணை மூடினார்.

"தூங்குறீங்களா?"

"ஆமா சார், நல்லா தூங்குறேன்."

அதிகாரி நர்ஸைப் பார்த்தார். "தூக்கத்துல பேசுறார். வியாதி முத்திப்போச்சு. இனிமே ரெண்டா குடுங்க."

டிரைவருக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து மாத்திரைகளைக் கன்னத்தில் அடக்கி, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் ஜன்னல் வழியே துப்பினார். ஜன்னலடி நாய் குரைப்பதை நிறுத்தியது. அமைதி காத்ததற்காக இல்லத்துக்குப் பாராட்டு கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர் தலை வாரி, கேரம் பலகையில் பவுடர் தூவி உட்கார்ந்தார். தங்கச்சியைக் காணோம். பக்கத்துக் கட்டிலில்தான் யாரோ புதிதாகக் குறட்டை விட்டார்கள். போர்வையை விலக்கிப் பார்த்தால், தங்கச்சி.

நர்ஸ் விஷயத்தைச் சொன்னாள். அண்ணனுக்கு எதுக்கு ரெண்டு மாத்திரை என்று சண்டை போட, முந்தின நாள் அதிகாரியிடம் போயிருக்கிறாள் தங்கச்சி. "நீங்க தூங்குறீங்களா?" என்று அவர் கேட்க, "முழிச்சிட்டுத்தானே நிக்கிறேன்" என்றிருக்கிறாள். வயது எழுபது, தூக்கமும் இல்லை. உடனே கட்டில் ஒதுக்கிவிட்டார்கள்.

தங்கச்சி பிள்ளைகள் இரண்டு பேரும் கட்டிலடியில் நின்று பெற்றவளைப் பூரிப்போடு பார்த்தார்கள்.

"அம்மா எவ்வளவு அழகா தூங்குறாங்க. இப்பத்தான் நிம்மதி."

"யாருக்குடா நிம்மதி?" என்றார் டிரைவர்.

பிள்ளைகள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பெரியவன் நர்ஸைக் கூப்பிட்டான்.

"சிஸ்டர், மாமா முழிச்சிருக்காரே. இங்க யாரும் எதையும் கவனிக்கிறதில்லையா?"