சீனி மெசினோடு வழக்காடுகிறவர்

உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் நிச்சயம் இருப்பார், சீனி மெசினோடு வழக்காடுகிறவர். விரலில் குத்தி, துளி இரத்தத்தை ஸ்ரிப் என்ற சின்னக் கீற்றில் தொட்டு, எண் குறைவாக வந்தால் "விஞ்ஞானம் எண்டா இதுதான்" என்பார். கூடி வந்தால்? பற்றரி இறங்கிவிட்டது, ஸ்ரிப்பில் உப்புக்காற்றுப் பட்டுவிட்டது, இராத்திரி நித்திரை இல்லை, குத்திய விரலே சரியில்லை. அடுத்த விரல். அதற்கும் அடுத்த விரல். பிடித்த எண் வரும்வரை குத்துவார். வந்ததும் அதை ஊரெல்லாம் சொல்லித் திரிவார்.

ஸ்ரிப் என்ன செய்யும், பாவம்! அதன் நுனியில் மெல்லிய உலோகப் பூச்சு, அதன்மேல் சீனியை மட்டும் தேடிப் பிடிக்கும் நொதியம். சீனி அகப்பட்டால் இம்மியளவு மின்சாரம் ஓடும். மெசின் அதை எண்ணாக்கிக் காட்டும். ஆள் பார்த்துப் பேச அதற்குத் தெரியாது.

விடத்தல்தீவு டொமினிக் அண்ணை இந்த இனத்துக்கே தலைவர். தவக்காலம் முடியும்வரை இனிப்பைத் தொடமாட்டேன் என்று கோயில் வாசலில் நாலுபேர் கேட்கச் சொன்னவர். அவருக்குத் துணையாக மனைவி றோஸ்மேரியும் சீனியில்லாத பிளேன்ரீ, அதாவது பாலில்லாத வெறும் தேத்தண்ணிதான் குடித்துவந்தார்.

ஒரு பின்னேரம், தாதியாக வேலைசெய்யும் மருமகள் டினோஜா மெசினை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வழக்கம்போல டொமினிக் தானே விரலைக் குத்திப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு!

"மாமா, கை கழுவினீங்களோ?"

"நான் என்ன சின்னப்பிள்ளையே? கழுவினனான்! மற்ற விரலில பாப்பம்."

"ஸ்ரிப் எங்க கிடக்கு? எல்லாத்தையும் நீங்கள்தானே குத்தித் தீர்த்தனீங்கள். ஆசுபத்திரிக்கு வெளிக்கிடுங்கோ, இன்சுலின் ஊசி போடவேண்டி வரும்."

இன்சுலின் என்றதும் மனுசனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஓட்டோ வந்து நின்றது. ஒரு காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றார்.

"மெசின் சரி பிள்ளை... விரல்தான் பிழை."

"என்னப்பா சொல்லுறியள்?" என்றார் றோஸ்மேரி.

"கூட்டாளி இன்ஸாப் முசலியிலயிருந்து தொதல் கொண்டந்தவன், நல்ல சீனிப்பாகு போட்டுக் கிண்டினது. ஒரு துண்டுதான் திண்டனான். கையில ஒட்டிப்போட்டுது."

அதே ஓட்டோவில் போய் டினோஜா புது ஸ்ரிப் வாங்கி வந்தாள். இந்த முறை சவுக்காரம் போட்டுக் கழுவிய கை. எண் நூற்றெழுபது.

"பாத்தியே றோஸ்மேரி! முதல் வந்தது பொய்யெண்டு நிரூபிச்சுப்போட்டன்!"

றோஸ்மேரிக்கு அழுகைதான் வந்தது. தன் பிளேன்ரீக்குள் மூன்று கரண்டி சீனியைப் போட்டு, டொமினிக்கின் முகத்தைப் பார்த்தபடியே கலக்கினார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். தராசில் ஏறி நிறை பார்த்துவிட்டு, இறங்கிச் செருப்பைக் கழற்றி மறுபடி ஏறியவர் நீங்கள் இல்லையே? எதற்கும் உங்கள் வலக்கை விரலை ஒருமுறை மணந்து பாருங்கள். உங்களுக்காக வீட்டில் யாரோ சீனியில்லாத தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கலாம்.