தைரியம் கட்டிய எலுமிச்சம்பழம்

பிரேக் பிடிக்காத காரை எப்படியோ ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவனிடம், அதே காரின் சாவியைத் திருப்பிக் கொடுத்து, "தைரியமா போங்க சார்" என்று அனுப்பி வைக்கக்கூடிய மெக்கானிக் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். பம்மலில், மூடிக்கிடக்கும் ஒரு பழைய தோல் கிடங்கின் பின்சுவரை ஒட்டி, தகரக் கொட்டகையில் அவர் இருக்கிறார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. பம்மலில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். எல்லோருக்கும் அவர் 'தைரியம்'. ரேடியேட்டர் ஒழுகுகிற வண்டி, கதவைக் கயிற்றால் கட்டிய வண்டி, ஸ்டார்ட் ஆனால் நிற்காத வண்டி என்று எது அவர் கடையை விட்டுக் கிளம்பினாலும் பின்னாலேயே அந்த வார்த்தையும் கிளம்பும். ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு, கிரீஸ் படிந்த நகம். குரலில் மட்டும் ஒரு மந்திரியின் நிதானம்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை முடிந்ததும் ஓர் எலுமிச்சம்பழத்தையும் ஏழு பச்சை மிளகாயையும் கட்டுக்கம்பியில் கோத்து வண்டியில் கட்டிவிடுவார். எல்லாரையும் போல முன் பம்பரில் கட்ட மாட்டார்.

"வெளில கட்னா பெருங்களத்தூர் டிராஃபிக்ல எவனாச்சும் இடிச்சி நசுக்கிடுவான் சார். உள்ள கட்னாத்தான் பழம் நிக்கும்" என்பார். வலது முன்சக்கரத்துக்குப் பின்னால் தலையை விட்டு எங்கேயோ இறுக்கிக் கட்டுவார். எங்கே என்று நான் கேட்டதில்லை. சாமி விஷயத்தில் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் என் காருக்கு ஆயில் மாற்றி, முதல் பழத்தைக் கட்டினார். சரியாகப் பதினைந்தாம் நாள் பெருங்களத்தூர் சிக்னலில் பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் கடகடவென்று ஓர் உதறல். வண்டி நிற்காமல் ஊர்ந்துபோய் முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகைத் தொட்டது. டாஷ்போர்டில் ஏ.பி.எஸ். என்று ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

கண்டக்டர் பின் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பஸ்ஸ தள்ளிகினு போலாம்னு பாக்கிறியா?"

ஏ.பி.எஸ். என்பது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிற ஏற்பாடு. என் காரில் விடுகிற வேலை ஒழுங்காக நடந்தது. பிடிக்கிற வேலைதான் மறந்துபோயிருந்தது.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் என் மகள் நித்யா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவைக் கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆப்பில் கார் கேட்டால், வருகிற டிரைவர் தெருமுனையில் நின்று பள்ளத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கேன்சல் செய்துவிட்டுப் போவார். ஆஸ்பத்திரிக்கு என் காரை விட்டால் வழியில்லை. என் மனைவியோ ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அந்த லைட் அணையற வரைக்கும் நித்யா அந்த வண்டியில ஏற மாட்டா."

காரைத் தைரியத்திடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தெரு ஓட்டச் சொல்லி, குனிந்து என் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"வண்டில ஒண்ணும் இல்ல சார். நீங்க பயந்து பயந்து மிதிக்கிறீங்க. உங்க பயத்த பாத்து அது பயப்படுது."

இருந்தாலும் என் திருப்திக்காகப் பிரேக் பேடை மாற்றினார். இரண்டாவது எலுமிச்சம்பழத்தைக் கட்டினார். தைரியமாகப் போகச் சொன்னார். அன்று மாலையே ஓர் இளநீர் வண்டிக்காரர் என்னைப் பார்த்துக் குலையோடு ஓடினார்.

அடுத்த தடவை அவரிடம் விட்டு எடுத்தபோது விளக்கே எரியவில்லை. ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மனைவியை உட்காரவைத்துக் குன்றத்தூர் முருகனைப் பார்க்கக் கிளம்பினேன். போகும் வழியிலேயே அந்த உதறல் வந்தது. அவள் டாஷ்போர்டை உற்றுப் பார்த்து, நகத்தால் எதையோ சுரண்டினாள். கறுப்பு டேப் உரிந்து வந்தது. அடியில் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. கோயில்வரை அவள் பேசவில்லை. கோயிலில் முருகனிடம் நிறையப் பேசினாள்.

தைரியத்திடம் போய்க் கத்தினேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "லைட்ட பாத்துதான சார் பயந்தீங்க? அதான் மூடி வெச்சேன். நல்லதுக்குத்தான்" என்றார். இந்த முறை இடது சக்கரத்தின் சுழற்சியை அளக்கிற சென்சரை மாற்றினார். டேப் போட்ட நாளில் மூன்றாவது பழம், இப்போது நான்காவது பழம். ஒவ்வொரு பழத்துக்குப் பிறகும் உதறல் கொஞ்சம் கூடியதை என் மரமண்டை கவனிக்கவில்லை.

அவருக்குத் தெரியாமல் குரோம்பேட்டையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கட்டிய புருஷனுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருந்தது. அங்கே ஒரு பெண் இன்ஜினீயர் காரைத் தூக்கி நிறுத்தி, வலது சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினார். நான்கு எலுமிச்சம்பழங்கள், நான்கு பருவத்தில் தொங்கின. கடைசிப் பழம் இன்னும் மஞ்சள். முதல் பழம் கருகிச் சுருங்கியிருந்தது.

"இதெல்லாம் எதுக்கு சார்?"

"திருஷ்டிக்கு" என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

நான்கு கட்டுக்கம்பியும் ஒரே ஒயரைத்தான் சுற்றியிருந்தன. அதுதான் ஏ.பி.எஸ். சென்சர் ஒயர். கம்பி ரப்பரை அறுத்து உள்ளே செம்பு வரை போயிருந்தது. முதல் பழம் கட்டிய அன்றே வியாதியும் கட்டப்பட்டுவிட்டது. அதைக் குணப்படுத்தக் குணப்படுத்த இன்னும் இறுகியது. புது ஒயர் வர மூன்று வாரம் ஆகும் என்றார். நித்யாவுக்கு டாக்டர் பத்து நாள் சொல்லியிருந்தார்.

பம்மலுக்குப் போகிற வழியெல்லாம் திட்ட வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். தைரியம் சக்கரத்துக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு நான்கு பழங்களையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தரையில் வைத்தார்.

"நான்தான் சார் கெடுத்து வெச்சிருக்கேன்" என்றார். "வூட்ல பாப்பாவுக்கு எப்போ சார் தேதி?"

சொன்னேன். ஒயரை ஒட்டுப்போட்டு டேப் சுற்றினார். சாவியைக் கையில் கொடுத்தார். தைரியமாகப் போங்கள் என்று சொல்லவில்லை. ஒத்திகை பார்த்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன். தெருமுனை திரும்புவதற்குள் விளக்கு மறுபடி எரிந்தது. அன்றைக்கு நான் நிஜமாகவே இடிந்துபோனேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் ஹாரன் சத்தம். பள்ளங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கார் நின்றது. என் மகளைவிட வயதில் மூத்த வண்டி. உள்ளே பேப்பர் படித்துக்கொண்டு தைரியம் உட்கார்ந்திருந்தார்.

"கடை என்னாச்சு?"

"கடை எங்க சார் போவப்போவுது."

"இதுல ஏ.பி.எஸ். ஒழுங்கா இருக்கா?"

"அந்த லைட்டே கெடையாது சார் இதுல. மிதிச்சா நிக்கும், அவ்ளோதான்."

தினமும் காலையில் வந்து, விளக்கு வைக்கிற நேரம்வரை நின்றார். சாயங்காலம் கிளம்பும்போது போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பதாகச் சொல்லிவிட்டுப் போவார். முதல் நாள் என் மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் காபி கொடுத்தனுப்பினாள். ஐந்தாம் நாள் சாம்பார் சாதத்தோடு தானே போய், "உப்பு போதுமா பாருங்க" என்று பக்கத்தில் நின்றாள்.

எட்டாம் நாள் காலை பத்தரை மணிக்கு வலி எடுத்தது. அந்த ஆள் காரை ஓட்டினாரா, உள்ளங்கையில் வைத்து ஏந்திக்கொண்டு போனாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம். எங்களை ஒரு சைக்கிள் முந்திக்கொண்டு போனது. பின் சீட்டிலிருந்து நித்யாவே, "அண்ணா, கொஞ்சம் வேகமா போங்க" என்று கெஞ்சினாள். "பள்ளம் கீதும்மா, பள்ளம் கீது" என்று அவர் முனகிக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஓர் எலுமிச்சம்பழம். அதை எங்கே கட்டுவது என்று தெரியாமல் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"சார், ஒண்ணும் ஆவாதுல்ல?"

"தைரியமா இருங்க" என்றேன்.

பேத்திக்கு இப்போது ஐந்து மாதம். புது ஒயர் வந்தது, போட்டார்கள், விளக்கு அணையவில்லை. குரோம்பேட்டையில் இன்னும் பெரிய பார்ட் ஒன்றின் பெயரைச் சொல்கிறார்கள். என் கார் போர்வை போர்த்திக்கொண்டு வாசலில் தூங்குகிறது. குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளில் நான் பம்மலுக்குப் போன் செய்வேன், வெள்ளைக் கார் வந்து நிற்கும். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அந்த வண்டியில் உட்கார எனக்கு ஒருநாளும் பயமாக இருந்ததில்லை.