ஸ்டாப் மேடமும் சிறுசேரி வேனும்

தாம்பரத்திலிருந்து சிறுசேரி போகிற வண்டியை நடுரோட்டில் நிறுத்தும் அதிகாரம், போக்குவரத்துப் போலீசுக்கு அடுத்தபடியாக, எங்கள் சம்பளப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண்மணிக்குத்தான் இருந்தது. பெற்றோர் வைத்த பெயர் வேறு. எங்கள் ஆபீஸ் வேனில் அவர் ஸ்டாப் மேடம்.

பெரும்பாக்கம் ஏரி கண்ணில் பட்டதும், "ஸ்டாப்! ஸ்டாப்!" என்று ஓர் அலறல். முன்சீட்டில் மூக்கை இடித்துக்கொண்டு நாங்கள் நிமிர்வதற்குள், கைக்குழந்தை கனத்துக்கு லென்ஸ் மாட்டிய கேமராவைத் தூக்கிக்கொண்டு கரையில் நிற்பார்.

"இன்னாக்கா, டெய்லி இதே பேஜாரா கீது!" என்பார் டிரைவர்.

"ரெண்டே நிமிஷம்ணே. நாரை போஸ் குடுக்குது."

எந்த நாரையும் அவருக்கு போஸ் கொடுத்ததில்லை. அவர் படங்களில் கிளை அழகாக இருக்கும். கிளை ஆடியதுகூடத் தெரியும். பறவைதான் இருக்காது. "இப்பத்தான் போச்சு தம்பி" என்று காலி இடத்தைப் பெருமையோடு காட்டுவார்.

ஒருநாள் கரையில் நின்று பையைத் திறந்தால் உள்ளே புளிசாதம். அன்று மதியம் அவர் கணவர் தன் ஆபீசில் சாப்பாட்டுப் பையைத் திறந்து, லென்சை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கடைசியில் எங்கள் மேனேஜருக்குப் பொறுமை போயிற்று. "இன்னொரு தடவை உங்களால வேன் நின்னா, நீங்க பஸ்லதான் வரணும் மேடம்." முழங்கால் வலிக்காரரான அவருக்கு பஸ் மாறி மாறி வருவது தண்டனைதான். மறுநாளிலிருந்து ஏரி வந்தால் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். வேனில் அப்படியொரு அமைதி. எங்களில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை.

ஒரு காலை, டிரைவரே சடாரென்று பிரேக் போட்டார். "யக்கா, அத்தப் பாரு! கால் மாட்டிக்கினு துடிக்குது!"

அறுந்த மீன்வலையில் ஒரு கூழைக்கடா சிக்கியிருந்தது. ஸ்டாப் மேடம் கேமராவை என் கையில் திணித்தார். முதலுதவிப் பெட்டியிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார்.

"மேடம், முழங்கால்!"

"அது பின்னாடியே வரும் தம்பி!"

டிரைவரும் இறங்கி வலையைப் பிடித்துக்கொண்டார். மேடம் வலையை இழை இழையாக வெட்டினார். பறவை இறக்கையால் அவரை நன்றாகவே சாத்தியது. கேமராவில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பட்டன். அதை அமுக்கிக்கொண்டே இருந்தேன். கடைசிக் கண்ணி அறுந்ததும் பறவை தண்ணீரை உதைத்துக்கொண்டு எழும்பிப் பறந்தது.

ஆபீசுக்குத் தாமதம். டயர் பஞ்சர் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். "எந்த டயர்?" என்று மேனேஜர் ஆளாளாகக் கேட்க, எங்களுக்குள் நான்கு டயரையும் சொல்லி முடித்துவிட்டோம். மேடத்தின் புடவையிலிருந்து தரையில் சொட்டிய சேற்றை மேனேஜர் பார்த்தார். "ஸ்டெப்னியாவது நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார். பஸ் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

மத்தியானம் மேடம் நான் எடுத்த படங்களைப் பார்த்தார். "என்ன தம்பி இது! கூழைக்கடா எங்க ஃபோகஸ்ல இருக்கு? அழிச்சிடுங்க."

பறவை மங்கலாகத்தான் இருந்தது. முகமெல்லாம் சேறும் சிரிப்புமாக மேடம்தான் பளிச்சென்று விழுந்திருந்தார். இப்போது அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நான் அழிக்காத அந்தப் படம் சட்டம் போட்டு என் மேசையில் இருக்கிறது.