ஊசிப் படிகங்கள்

காலை ஒன்பது பத்துக்குப் பதினோராவது குப்பியிலும் ஊசி விழுந்திருந்தது.

பிரேம்குமார் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். தாடியைச் சொறிந்தான்.

"கட்டி வரலையா சார்?" என்றார் ஆய்வுக்கூட உதவியாளர் ஆவுடையப்பன்.

"ஊசிதான்."

"ரெண்டும் ஒரே மருந்துதான சார்?"

ஒரே சல்ஃபோனமைடுதான். கரைசலிலிருந்து அது இரண்டு விதமாகப் படிகமாகும். மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இரண்டிரண்டாகச் சேர்ந்தால் கட்டி. ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி கோத்தால் ஊசி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு முறை கட்டி வந்தது. எக்ஸ்ரே கருவிக்குப் போகும் வழியில் உடைந்தது.

பிரேம்குமாரின் முனைவர் பட்ட ஆய்வு முழுவதும் அந்தக் கட்டியைப் பற்றியது. மாதக் கடைசிக்குள் அதன் அமைப்பைக் காட்டாவிட்டால் பதிவு ரத்து. மூன்று முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. வயது முப்பத்து நான்கு.

குப்பிகளை மாற்றினான். ஊசி. கரைப்பானை மாற்றினான். ஊசி. அறையை மாற்றினான். புது அறையில் ஊசி சீக்கிரமாகவே வந்தது.

சண்முகத்தாய் எம்.எஸ்ஸி.யில் அவனோடு படித்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் வேலை. மருந்தை அவளே புதிதாகத் தயாரித்துக் கரைத்து வைத்தாள். மூன்றாம் நாள் படம் அனுப்பினாள். ஐந்து குப்பியிலும் கட்டி.

ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனான். ஒவ்வொரு மூடியாகத் திறந்தான். குனிந்து பார்த்தான்.

"அழகா இருக்கு" என்றான்.

சாயங்காலத்துக்குள் ஐந்தும் ஊசியாயின.

அடுத்த முறை சண்முகத்தாய் அவனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"உன் தாடிதான்."

"தாடிக்கு என்ன?"

"எட்டு மாசமா அதை வச்சிக்கிட்டு அந்தத் தூளுக்குள்ளயே கெடக்க. அதுல எம்புட்டு ஊசித் துகள் ஒட்டியிருக்கோ. ஒண்ணு விழுந்தாப் போதும், மொத்தமும் அது மாதிரியே மாறிரும். மழிச்சிட்டு வா."

"முடியாது. வேண்டுதல்."

"யாரு வேண்டுனா?"

"அம்மா."

"அப்ப ஆராய்ச்சியையும் அவங்களையே பண்ணச் சொல்லு."

அம்மா சீனியம்மாள் இருக்கன்குடியில் நேர்ந்துகொண்டிருந்தாள். மூத்த மகன் முகத்தில் கத்தி படக் கூடாது. காரியம் கைகூடியதும் கோயிலில் முடி இறக்க வேண்டும். என்ன காரியம் என்று சொல்லவில்லை. சொன்னால் பலிக்காதாம். பிரேம்குமாரும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்து வீட்டில் ஒரு காரியம்தான் முடியாமல் கிடந்தது.

"அம்மா, தாடி போனாத்தான் காரியம் நடக்கும்."

"காரியம் நடந்தாத்தாம்ல தாடி போகும்."

தாடிக்கு மூன்று முறை ஷாம்பு போட்டான். ஊசி. ஸ்பிரிட்டில் கழுவினான். தோல் தடித்தது. இன்னும் சொறிந்தான். ஊசிகள் அதிகமாயின. தாடியில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தான். ஒரு மாணவி அழுதாள்.

தம்பி வேல்பாண்டி ராணுவத்தில் இருந்தான். எல்லையிலிருந்து தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவான். ஞாயிற்றுக்கிழமையும் வந்தான்.

"அண்ணே, எங்க மேஜர் உன்னைப் பாத்தா சுட்டுருவாரு."

"மழிச்சிரவாலே?"

"அம்மாவக் கேளு. நான் இங்க தப்பிச்சாலும் நீ அங்க தப்ப முடியாது."

திங்கள்கிழமை பிரேம்குமார் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சலூனில் உட்கார்ந்தான்.

"வேண்டுதல் தாடியா சார்?" என்றார் சலூன்காரர்.

"எப்படித் தெரியும்?"

"ஆசைக்கு வளக்கறவன் இப்படியா வச்சிருப்பான்? பாதியில எறக்குறீகளே, சாமி குத்தம் இல்லையா?"

"சாமிக்குத்தான் செய்யறேன். எறக்குங்க."

குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு சண்முகத்தாயின் ஆய்வுக்கூடத்துக்குப் போனான். அவன் மோவாயை அவனையே தடவிப் பார்க்கச் சொன்னாள். தடவினான். உள்ளே விட்டாள். அங்கேயே மருந்தைப் புதிதாகக் கரைத்து வைத்தான்.

வீட்டில் முகக்கவசம் போட்டுக்கொண்டான். சுவரைப் பார்த்துச் சாப்பிட்டான்.

"என்னல, சளியா?"

"லேப்ல தூசிம்மா."

அம்மா மிளகு ரசம் வைத்தாள். முகக்கவசத்தோடு அதைக் குடிக்கப் பார்த்தான். புதன்கிழமை அவள் ஏதோ சொல்ல வந்தாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வியாழக்கிழமை குப்பியில் கட்டி இருந்தது. ஒன்றுதான். விளிம்பு உடையாமல், கண்ணாடியாக. வெள்ளிக்கிழமை மதுரையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருந்தன. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள். எட்டு ஆண்டுகளாக அவன் காகிதத்தில் வரைந்து வந்தபடியே இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்தான்.

"அம்மா, படிகம் வந்துட்டு. டாக்டர் பட்டம் உறுதி. உன் வேண்டுதல் பலிச்சிட்டு. இருக்கன்குடிக்கு நாள் பாரு."

சீனியம்மாள் அவன் மோவாயைப் பார்த்தாள். அவள் கையில் கைபேசி இருந்தது.

"உன் படிப்புக்கா நேந்தேன்? வேல்பாண்டி உசுரோட ஊர் திரும்பணும்னு நேந்தேன். அவனத் தாடி வளக்க விடமாட்டாகன்னுதாம்ல உன் தாடிய நேந்தேன். திங்கக்கெழமையிலருந்து அவன் போன் எடுக்கல. ஏலே, நீ என்னைக்குல மழிச்ச?"